சர்க்கரைத் தண்ணீரும் 140 என்ற எண்ணும்

(கோவில்பதாகையில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கர்ப்பகாலப் பராமரிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். எத்தனையாவது மாதம் ஸ்கேன், எப்போது தடுப்பூசி, என்ன சாப்பிடலாம் என்பதையெல்லாம் வீடு தேடி வந்து சொல்ல உங்கள் சுகாதார செவிலியர் இருக்கிறார். அவர் சொல்வதை நான் மைக் பிடித்துத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. அவர் சொல்வதெல்லாம் எங்கிருந்து வந்தது, யாரிடம் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள், அதில் இன்னும் தீராத வழக்கு என்ன என்பதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் தாய்மார்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பீர்கள். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கித் தருவார்கள். பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குமட்டும். அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மறுபடியும் வரச் சொல்வார்கள். வாந்தி வரவில்லையென்றால் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு, பிறகு ஒரு குத்து. கருவி 139 காட்டினால் வீட்டுக்குப் போகலாம். 140 காட்டினால், "உங்களுக்குச் சுகர் இருக்கும்மா" என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. நேற்று வரை சீமந்தத்துக்கு என்ன புடவை என்று பேசிக்கொண்டிருந்த வீடு அது.

139-க்கும் 140-க்கும் நடுவில் அப்படி என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட நாம் அமெரிக்கா போகவேண்டியதில்லை. பதிலில் பெரும்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

2005 முதல் 2007 வரை தமிழ்நாட்டில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நடத்தியவர் டாக்டர் வீ. சேஷய்யா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுக்கென்று தனித்துறையை உருவாக்கியவர். 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அவரும் குழுவினரும் மூன்று வகையான இடங்களில் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். நகரத்துக்குச் சென்னை மாநகராட்சி, பாதி நகரத்துக்குச் சைதாப்பேட்டை சுகாதார வட்டாரம், கிராமத்துக்குத் திருவள்ளூர். சென்னையில் 4,151 பேர், சைதாப்பேட்டையில் 3,960 பேர், திருவள்ளூரில் 3,945 பேர். கூட்டினால் 12,056 பெண்கள்.

சென்னையில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சைதாப்பேட்டையில் 13.8 பேருக்கும் சர்க்கரை இருந்தது. திருவள்ளூர்க் கிராமங்களில் 9.9 பேருக்கு. அதுவரை கிராமத்துப் பெண்களுக்கு இந்த நோய் வராது, வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஏது சுகர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பத்தில் ஒருத்திக்கு இருக்கிறது என்று திருவள்ளூர்ப் பெண்களின் ரத்தம் சொன்னது. 2007-லேயே தமிழ்நாட்டு அரசு, அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2014-ல் மத்திய அரசு தேசிய வழிகாட்டுதல் வெளியிட்டபோதும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. இன்று பீகாரில் ஒரு பெண் குமட்டிக்கொண்டு குடிக்கிற சர்க்கரைத் தண்ணீருக்குப் பின்னால் நம் மாவட்டத்துப் பெண்கள் நாலாயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கே இது தெரியாது.

சரி, கர்ப்பத்தில் ஏன் சர்க்கரை ஏறுகிறது? குழந்தைக்கு உணவு அனுப்பும் நஞ்சு சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குப் போக வேண்டிய சர்க்கரையைத் தாயின் உடம்பே எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு அது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொள்ளும். சிலருக்கு முடியாது. ஆறாவது மாதத்தை ஒட்டி, அதாவது 24 முதல் 28 வாரத்துக்குள், இது வெளிப்படத் தொடங்கும். அதனால்தான் முதல் வருகையில் ஒரு தடவையும் 24-28 வாரத்தில் இன்னொரு தடவையும் பார்க்கிறார்கள்.

தாயின் சர்க்கரை நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையே நிறைய இன்சுலின் சுரக்கிறது. அந்த இன்சுலினால் கொழுத்துப் பெருக்கிறது. கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற மருத்துவர் 1950-களில் சொன்ன விளக்கம் இது, இன்றும் நிற்கிறது. நாலு கிலோ குழந்தை பிறந்தால் "கொழுகொழுன்னு பொறந்திருக்கு" என்று நாம் திருஷ்டி கழிக்கிறோம். பிரசவ அறையில் அந்தக் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும்போது தவித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். தொப்புள்கொடியை வெட்டிய நிமிடத்தில் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் நிற்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தைக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்.

சிகிச்சை கொடுத்தால் இது மாறுமா என்பதை ஆஸ்திரேலியாவில் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். 1,000 பெண்களைச் சீட்டுப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, சர்க்கரை கண்காணிப்பு, தேவைப்பட்டால் இன்சுலின். இன்னொரு பாதிக்கு வழக்கமான கர்ப்பகாலப் பராமரிப்பு மட்டும். குழந்தை இறப்பது, தோள் சிக்குவது, எலும்பு முறிவது, நரம்பு பாதிப்பது ஆகிய கடும் விளைவுகள் இரண்டாவது பாதியில் நூற்றுக்கு 4, முதல் பாதியில் 1. அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் தேவைப்படவே இல்லை, உணவை மாற்றியதே போதுமாக இருந்தது. ஆகவே 140 என்று அட்டையில் எழுதினால் அழ வேண்டாம். தட்டில் சோற்றைக் குறைத்துச் சுண்டலும் கீரையும் முட்டையும் கூட்டுங்கள், சாப்பிட்ட பின் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். பாதி வேலை முடிந்தது.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். 1964-ல் பாஸ்டனில் ஓ'சல்லிவன், மாஹன் என்ற இருவர் 752 கர்ப்பிணிகளின் சர்க்கரையை அளந்து முதன்முதலில் ஓர் எல்லை வகுத்தார்கள். பிற்காலத்தில் எந்தத் தாய்க்கு நீரிழிவு வரும் என்று கணிக்க வகுத்த எல்லை அது. குழந்தையைப் பற்றிய கணக்கே அதில் கிடையாது. நாம் பயன்படுத்தும் 140, உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வரையறையிலிருந்து வந்தது. கர்ப்பமில்லாத பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையைக் குறிக்கும் எண்ணைத்தான் அவர்கள் கர்ப்பிணிகளுக்கும் வைத்தார்கள். பிறகு 2008-ல் ஒன்பது நாடுகளில் 15 மையங்களில் சுமார் 25,000 பெண்களிடம் நடந்த ஒரு பிரம்மாண்டமான ஆய்வு வெளியானது. அது கண்டதோ, எல்லை என்று ஒன்று இல்லவே இல்லை என்பது. சர்க்கரை ஏற ஏற ஆபத்தும் சீராக ஏறுகிறது, இந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்று சொல்ல வழியில்லை. 139-க்கும் 140-க்கும் நடுவில் இயற்கை ஒன்றும் வைக்கவில்லை. நிலத்தைப் பங்கு பிரிக்க நாம் போட்ட வரப்பு அது. வரப்பு வேண்டும், இல்லையென்றால் யாருக்குச் சிகிச்சை கொடுப்பது? ஆனால் அதைப் போட்டவர்கள் மனிதர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். இன்னொன்று, அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை. உலகத்துக்கே எல்லை வகுக்கப் பயன்பட்ட ஆய்வில் நம் பெண்கள் சேர்க்கப்படவில்லை.

இதற்குள் சென்னையிலேயே ஒரு சண்டை மூண்டது. சண்டை என்றால் கைகலப்பு இல்லை, ஆய்வுக் கட்டுரைச் சண்டை.

சேஷய்யா குழுவின் முறையில் வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை பார்ப்பார்கள். உலகில் பெரும்பாலானவர்கள் இரவு முழுக்கப் பட்டினி இருந்து வரச் சொல்லும்போது, இவர்கள் ஏன் இப்படி? நம் ஊரைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். இரண்டு பஸ் மாறி வருகிற பெண், வாந்தி மயக்கத்தோடு, ஒன்றும் சாப்பிடாமல் பதினோரு மணி வரை இருப்பாளா? "சாப்பிட்டுட்டு வந்துட்டேன் நர்ஸம்மா" என்பாள். "அப்ப நாளைக்கு வாங்க" என்பார் நர்ஸம்மா. அந்த நாளை வராது. அன்றைய கூலி போகும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாமியார் முகம் சுளிப்பார். அதனால்தான் வந்த அன்றே, வந்த நிலையிலேயே முடித்துவிடுகிற முறையை வகுத்தார்கள். டாக்டர் அஞ்சலாட்சியும் சேஷய்யா குழுவினரும் 800 பெண்களுக்கு இரண்டு முறைகளையும் செய்துபார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே முடிவைத்தான் தருகின்றன என்று 2009-ல் 'ஆக்டா டயாபெட்டாலஜிகா' என்ற பன்னாட்டு இதழில் எழுதினார்கள்.

ஐந்து வருடம் கழித்து, 2014-ல், அதே இதழில், அதே சென்னையிலிருந்து, டாக்டர் வி. மோகனும் அவருடைய ஆராய்ச்சி மையத்தினரும் எதிர்மாறாக எழுதினார்கள். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,031 பேருக்குச் சில நாள் இடைவெளியில் இரண்டு விதமாகவும் பரிசோதித்தார்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனை சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்த பெண்களில், நூற்றுக்கு 28 பேரைக்கூடச் சாப்பிட்ட வயிற்றுப் பரிசோதனை பிடிக்கவில்லை என்றார்கள். இல்லாதவர்களை இல்லை என்று அது சரியாகவே சொன்னது. இருப்பவர்களைத்தான் நழுவவிட்டது.

இரண்டு தரப்பும் பெரியவர்கள். இரண்டு தரப்பும் நம் ஊர்ப் பெண்களிடம்தான் அளந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. பிறகு எப்படி இரண்டு முடிவு? ஆய்வு என்றால் இப்படித்தான் இருக்கும். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள், எந்த வாரத்தில் பார்த்தார்கள், எந்தக் கருவி, இரண்டு சோதனைக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதையெல்லாம் பொறுத்து எண் நகரும். பேறுகால மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு 2015-ல் இந்தியாவுக்கு ஒரே தடவை முறை பொருந்தும் என்று ஒப்புக்கொண்டது; அரசும் அதிலேயே நிற்கிறது. மோகன் தரப்பின் ஆட்சேபம் தீர்க்கப்படவில்லை, ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

என் கருத்தைக் கேட்பீர்கள். பரிசோதனைக்கு வராத பெண்ணுக்கு, உலகத்திலேயே துல்லியமான பரிசோதனையும் ஒரு பைசாவுக்குப் பெறாது. 2005-ல் சேஷய்யா எடுத்த முடிவு அந்தக் காலத்துக்கு மிகச் சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றைய கோவில்பதாகை அன்றைய கிராமமில்லை. இந்த ஊர் அடங்கிய ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. கூப்பிடு தூரத்தில் ஆய்வகம் இருக்கிறது. வெறும் வயிற்றில் வர முடிகிற பெண்ணுக்கு அந்த வசதியைத் தரலாம், வர முடியாதவளுக்குப் பழைய முறையே இருக்கட்டும். எளிதான முறை என்பதற்காக ஏழைகளுக்கு அதையே காலத்துக்கும் நிரந்தரமாக்கிவிட்டு, பணம் உள்ளவர்களுக்குத் தனியார் ஆய்வகத்தில் வேறொரு முறை என்று போனால் அது நியாயமில்லை. உங்களில் யாருக்காவது பெற்றோருக்கு நீரிழிவோ, முந்தைய குழந்தை மிகப் பெரிதாகப் பிறந்ததோ இருந்தால், 130, 135 என்று வந்துவிட்டது என்று நிம்மதியாகப் போய்விடாதீர்கள். "வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்த்துவிடலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

கர்ப்பிணிகளிடம் ஆராய்ச்சி செய்வது சென்னைக்குப் புதிதும் அல்ல. திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை இருக்கிறதே, நம் பாட்டிமார் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள், 1931-ல் அங்கே லூசி வில்ஸ் என்ற இங்கிலாந்து மருத்துவர் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு முன் பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளிப் பெண்களிடமும், குன்னூரில் ஆய்வுக்கூடத்திலும் வேலை பார்த்திருந்தார். கர்ப்பத்தில் வெளுத்து, வீங்கி, இறந்துபோகிற பெண்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்து இருந்தன. இரும்புச் சத்து கொடுத்தும் பலனில்லை. யாருக்கு வருகிறது என்று பார்த்தார். காய்கறியும் பழமும் கிடைக்காத ஏழை வீட்டுப் பெண்களுக்குத்தான் வந்தது. கிருமி இல்லை, உணவில்தான் ஏதோ குறைகிறது என்று முடிவுக்கு வந்து, ஆய்வுக்கூடக் குரங்கு ஒன்றுக்கு மார்மைட் கொடுத்துப் பார்த்தார். பீர் காய்ச்சும்போது மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யும் மலிவான பசை அது. குரங்கு தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள்.

அந்தப் பசைக்குள் இருந்த பொருளைப் பத்து வருடம் கழித்து, 1941-ல், பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதுதான் போலிக் ஆசிட். 1991-ல் ஏழு நாடுகளின் 33 மையங்களில் நடந்த ஆய்வு இன்னொரு உண்மையைச் சொன்னது. முதுகெலும்பு சரியாக மூடாத குழந்தை ஏற்கெனவே பிறந்த பெண்கள், அடுத்த கருவுக்கு முன்பே போலிக் ஆசிட் சாப்பிட்டால், அதே குறை மறுபடி வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைகிறது. முன்பே என்பதைக் கவனியுங்கள். கரு உண்டாகி 28 நாளுக்குள், முதுகுத்தண்டாகப் போகும் நரம்புக் குழாய் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, மாமியாரிடம் சொல்லி, பதிவு செய்து, மாத்திரை வாங்கும்போது மூடவேண்டியது மூடி முடிந்திருக்கும். கல்யாணமான பெண் குழந்தைக்குத் தயாராகும்போதே அந்தச் சின்ன மாத்திரையைத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ வாங்கச் செலவழிக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

கோஷா ஆஸ்பத்திரியின் கதை வெற்றிக் கதை. எழும்பூர் கதை அவ்வளவு நேரானதல்ல, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏ. லட்சுமணசாமி முதலியாரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய பேறுகால மருத்துவ நூலைப் படிக்காமல் இந்தியாவில் பல தலைமுறை மருத்துவர்கள் தேறியதில்லை. இருவரும் எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். அந்தக் காலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்போடு வருகிற கர்ப்பிணிகள் நிறைய. ஜன்னி என்பார்கள், பேய் பிடித்தது என்றும் சொல்வார்கள். இருட்டறையில் கிடத்தி மயக்க மருந்து கொடுப்பதுதான் வழி, அதிலேயே பலர் இறப்பார்கள். மேனன் மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரு கலவை வகுத்தார்: குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின். சாவு வெகுவாகக் குறைந்தது. 1961-ல் பிரிட்டிஷ் இதழில் அதை வெளியிட்டார். இந்தியா முழுவதும் மேனன் முறை பரவியது. பல பத்தாண்டுகள் அதுதான் சிகிச்சை.

முன்பைவிட நன்றாக இருந்தது என்பது உண்மை. ஆனால் முன்பிருந்த வருடங்களோடு ஒப்பிட்டார்களே தவிர, ஒரே காலத்தில் ஒரே மாதிரிப் பெண்களில் இரண்டு மருந்துகளைச் சீட்டுப் போட்டு ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டது 1990-களில். 1995-ல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வில், மெக்னீசியம் சல்பேட் என்ற மிக மலிவான உப்பு, வேறு இரண்டு வலிப்பு மருந்துகளைத் தோற்கடித்தது. மேனன் கலவையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த மூன்று ஆய்வுகளை, மொத்தம் 397 பெண்களை, பின்னர் சேர்த்துக் கணக்கிட்டபோதும் மெக்னீசியம் பெற்றவர்களில்தான் சாவும் வலிப்பும் குறைவு. 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு, வலிப்பு வருமுன்பே அதைக் கொடுத்தால் வலிப்பு பாதியாகக் குறையும் என்றது. மேனன் கலவை ஓய்வு பெற்றது.

இதில் மேனனுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கையில் இருந்ததை வைத்து அவர் ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தார். ஆனால் ஒரு சிகிச்சை நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும், அது மற்றதைவிட நல்லது என்ற நிரூபணத்துக்கும் நடுவில் முப்பது வருடம் ஓடிவிட்டது. அந்த முப்பது வருடத்தில், சரியாக ஒப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய பெண்கள் எத்தனை பேர்? பெரிய மருத்துவர் சொன்னார் என்பது சான்று ஆகாது. இதைச் சொல்வதற்காக என்னை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து மாநிலத்திலிருந்து இன்னொன்று. கால்சியம் மாத்திரை. ரத்தக்கொதிப்பைத் தடுக்க நாளொன்றுக்கு 1,500 முதல் 2,000 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பெரிய மாத்திரை, நாளைக்கு மூன்று தடவை, இரும்பு மாத்திரையோடு சேரக் கூடாது. யார் ஒழுங்காக விழுங்குவார்கள்? உங்கள் வீட்டு அலமாரிகளைத் திறந்து பார்த்தால் தெரியும். பெங்களூரில் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 11,000 பெண்களிடமும், தான்சானியாவில் அதே அளவு பெண்களிடமும் சோதித்து 2024-ல் வெளியிட்டார்கள். 500 மில்லிகிராமே போதும். கொதிப்பைத் தடுப்பதில் 1,500-க்கு அது சளைத்ததல்ல. பெங்களூர்ப் பெண்கள் ஒப்புக்கொண்டு மாத்திரை விழுங்கியதால், இனி வருகிறவர்கள் மூன்றுக்குப் பதில் ஒன்று விழுங்கினால் போதும் என்ற நிலைமை வரப்போகிறது.

இங்கேதான் எதிர்ப்பு வரும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடமா ஆராய்ச்சி செய்வது, அவள் என்ன எலியா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தாலிடோமைட் என்ற மருந்தை 1957 முதல் ஜெர்மனியில் விற்றார்கள். கர்ப்பகால வாந்திக்கும் அது நல்லது என்றார்கள். 1961-ல் திரும்பப் பெற்றார்கள்; அதனால் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளராமல் பிறந்தன. அதன் பிறகு உலகம் கற்றுக்கொண்ட பாடம், கர்ப்பிணிகளை எந்த மருந்து ஆய்விலும் சேர்க்காதே என்பது. எனக்கு இது தலைகீழ்ப் பாடமாகப் படுகிறது. தாலிடோமைட் நாசம் விளைந்தது கர்ப்பத்தில் முறையாகச் சோதிக்காமல் விற்றதால். சோதித்ததால் அல்ல.

அந்தப் பாடத்தின் விலை என்ன என்று கொரோனாவில் பார்த்தோம். தடுப்பூசியின் தொடக்க ஆய்வுகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என்ற அனுமதி ஜூலை 2 அன்றுதான் வந்தது. நடுவில் இருந்தது இரண்டாம் அலை. அந்த ஏப்ரல், மே மாதங்களில் மூச்சுக்குத் திணறிய கர்ப்பிணிகளைப் பார்த்தவர்கள் யாரும் அதை எளிதில் மறக்க முடியாது. ஆராய்ச்சியிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அவர்களைத் தனியே விட்டுவிட்டோம்.

அப்படியானால் கேட்டவுடன் கையெழுத்துப் போட வேண்டுமா? கூடவே கூடாது. நாளைக்கே நீங்கள் பரிசோதனைக்குப் போகுமிடத்தில், "ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா?" என்று கேட்கலாம். கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும். கணவர் போட்டால் போதும், மாமியார் சரி என்றால் போதும் என்பது சட்டத்தில் கிடையாது; பல இடங்களில் நடைமுறையில் இன்னும் இருக்கிறது, வெட்கக்கேடு. வீட்டில் கலந்து பேசுங்கள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முடிவு உங்களுடையது. தாள் தமிழில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் படித்துக்காட்ட வேண்டும். மருந்துச் சோதனை எதையும் அரசின் பதிவேட்டில் பதியாமல் 2009 ஜூன் 15 முதல் நடத்தக் கூடாது. பதிவு எண் என்ன என்று கேளுங்கள், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது என்று 2019-ன் விதிகள் சொல்கின்றன. நடுவில் பிடிக்கவில்லை என்றால் விலகலாம். விலகியதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்க முடியாது.

நான் ஆய்வாளர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், இங்கே சிலர் இருக்கிறீர்கள். ரத்தம் எடுத்த ஊருக்குத் திரும்பிவந்து முடிவைச் சொல்லுங்கள். திருவள்ளூர்ப் பெண்களின் கணக்கு பன்னாட்டு மாநாடுகளில் பேசப்பட்டது. திருவள்ளூரில் எத்தனை பெண்களுக்கு அது தெரியும்? கட்டுரை ஆங்கிலத்தில் வந்தால் போதும் என்று நினைப்பது சோம்பேறித்தனம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது என்று அட்டையில் எழுதப்பட்டவர்களுக்கு. பிரசவமானதும் சர்க்கரை இறங்கிவிடும், "அது போயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். 13 லட்சம் பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2020-ல் வெளியான ஆய்வின்படி, கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு. பிரசவத்துக்குப் பின் உணவும் நடையும் கற்றுக்கொடுத்தால் அதைத் தடுக்கலாமா என்று இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலும் சோதித்தார்கள். அந்த ஆய்வில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்று 2022-ல் நேர்மையாக வெளியிட்டார்கள். கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணை வகுப்புக்கு வா, நடைப்பயிற்சி செய் என்றால் எங்கே முடியும்? சரியான வழியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை நம் கையில் இருப்பது, வந்ததை உடனே கண்டுபிடிப்பது ஒன்றுதான். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற அதே ஆறாவது வாரத்தில் உங்களுக்கும் அந்தச் சர்க்கரைத் தண்ணீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்று காலை வெறும் வயிற்றோடு போங்கள். நர்ஸம்மா மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. குழந்தையின் பிறந்தநாள் மாதத்தை அதற்கு வைத்துக்கொண்டால் மறக்காது.